அமுக்கிச் செத்த குட்டியின் வயிற்றைத் திறந்து பாருங்கள்

விடியற்காலை கொட்டிலுக்குப் போகிறீர்கள். நேற்று மாலை ஈன்ற தாய்ப்பன்றியின் விலாவுக்கு அடியில் ஒரு குட்டி தட்டையாகக் கிடக்கிறது. நாக்கு வெளியே தள்ளியிருக்கிறது, தோலில் கன்றிய தடம். "தாய் அமுக்கிடுச்சு" என்று சொல்லிப் புதைத்துவிடுவோம். பதிவேடு வைத்திருப்பவர் அதிலும் அதையே எழுதுவார். வெண்பன்றிப் பண்ணைகளில் பால்குடிக் குட்டிச் சாவுக்கு அதிகம் எழுதப்படும் காரணம் இதுதான்.

புதைக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் அந்தக் குட்டியே வேறு கதை சொல்லும். முதலில் குளம்பைப் பாருங்கள். பிறக்கும்போது குளம்பின் நுனியில் தாயின் கருப்பையைக் கிழிக்காமல் இருக்க வெளிர்மஞ்சள் நிறத்தில் மெத்தென்ற ஓர் உறை இருக்கும். நடக்க நடக்க அது தேய்ந்து உதிரும். முழுதாக அப்படியே இருந்தால் குட்டி எழுந்து நடக்கவே இல்லை. அடுத்து நுரையீரலில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் மூச்சே விடாமல் பிறந்தது, மிதந்தால் உயிரோடு பிறந்தது. கடைசியாக இரைப்பை. இடப்பக்க விலாவுக்குப் பின்னால் இருக்கும், சின்னக் கத்தியால் கீறினால் போதும். தயிர்க்கட்டி போல வெள்ளையாக உறைந்த பால் இருக்கிறதா, கொஞ்சம் கோழையோடு வெறுமனே இருக்கிறதா?

வெறும் வயிறாக இருந்தால், தாய் அமுக்கியது கடைசிச் சம்பவம் மட்டுமே. அதற்குப் பல மணி நேரம் முன்பே குட்டி தோற்றுவிட்டது. குளிரில் விறைத்த குட்டி காம்பைத் தேடி முட்டி மோத வலுவில்லாமல் இருக்கும். பால் கிடைக்காத குட்டிக்கு உடம்பில் சூடு உண்டாக்க எரிபொருள் கிடையாது. இரண்டும் சேர்ந்த குட்டி, சூடு தேடித் தாயின் வயிற்றோடு ஒட்டிப் படுக்கும். 200 கிலோ உடம்பு புரளும்போது தெம்புள்ள குட்டி கத்திக்கொண்டே நழுவி ஓடும், இது அப்படியே கிடக்கும். முதல் மூன்று நாளில் சாகும் குட்டிகளை எந்தத் தலைப்பில் எழுதினாலும் பெரும்பாலும் இந்த ஒரே சங்கிலியில்தான் வந்து சேரும். பால் மறக்கும் முன் சாகும் குட்டிகளில் பாதிக்கும் மேல் அந்த மூன்று நாளுக்குள்தான் போகின்றன.

ஓர் எச்சரிக்கை. பெரிய பன்றிகள் கடும் காய்ச்சலோடு, காதும் வயிறும் சிவந்து, அடுத்தடுத்துச் சாகும் பண்ணையில் எந்தச் சடலத்தையும் கத்தி தொடக்கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2020-ல் அசாம், அருணாச்சலில் நுழைந்தது, 2022-ல் வயநாடு வரை வந்துவிட்டது. சிந்தும் ஒவ்வொரு சொட்டு ரத்தத்திலும் வைரஸ் இருக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான் வேலை. நான் சொல்லும் ஐந்து நிமிடப் பரிசோதனை, மற்றபடி நலமாக இருக்கும் பண்ணையின் ஓரிரு நாள் குட்டிகளுக்கு மட்டும்.

குளிர் என்றதும் "எங்க ஊர்ல ஏதுங்க குளிர், சென்னையில் மார்கழியிலேயே ஃபேன் ஓடுது" என்பார்கள். இங்கேதான் பன்றியின் உடலமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதக் குழந்தை, ஆட்டுக்குட்டி, எலிக்குஞ்சு ஆகியவற்றுக்குப் பிறக்கும்போதே பழுப்புக் கொழுப்பு என்ற ஒன்று இருக்கும். நடுங்காமலேயே வெப்பம் உண்டாக்கும் கணப்புச்சட்டி அது. பன்றிக்குட்டிக்கு அது கிடையாது. அந்தக் கொழுப்பு வேலை செய்யத் தேவையான யூசிபி1 மரபணு பன்றி இனத்தில் உடைந்து கிடக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அதன் நடுப்பகுதி கழன்றுபோய்விட்டது என்று 2006-ல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2017-ல் சீன அறிவியல் கழகத்தினர் எலியின் யூசிபி1 மரபணுவைப் பன்றிக்குள் செருகிப் பார்த்தார்கள். அந்தக் குட்டிகள் குளிரில் உடல்சூட்டை நன்றாகவே தாக்குப்பிடித்தன, கொழுப்பும் குறைவாக வைத்தன. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருக்கும் நம் குட்டிகளுக்கு நடுக்கம் ஒன்றுதான் கதி. பிறக்கும்போது உடம்பில் மொத்தக் கொழுப்பே 1 முதல் 2 விழுக்காடு. அதிலும் பெரும்பகுதி உடலின் கட்டுமானத்துக்கானது, எரிக்க முடியாதது. மேலே ரோமம் பெயருக்குத்தான். தோலோ பனிக்குடநீரில் நனைந்திருக்கும்.

இப்படிப்பட்ட குட்டிக்கு 34 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எல்லாமே குளிர்தான். 39 டிகிரியில் இருந்த கருப்பையிலிருந்து 27 டிகிரி இரவுக்கு ஈரத்தோடு வந்து விழுகிறது. முதல் அரைமணி நேரத்திலேயே அதன் உடல்சூடு 2 டிகிரி அளவுக்கு இறங்கும். நல்ல குட்டி பால் குடித்து மீண்டு வரும். 1 கிலோவுக்குக் குறைந்த குட்டிக்கு எடையை ஒப்பிடத் தோல்பரப்பு அதிகம், அது மேலும் இறங்கும், மீள்வது கடினம்.

அதே அறையில் தாய்க்கு வசதியான வெப்பம் 18 முதல் 22 டிகிரி. தமிழ்நாட்டுச் சமவெளியில் அவளுக்கு வருடத்தில் ஒரு நாள் முழுதாக வசதி கிடைத்தால் பெரிது! வியர்வைச் சுரப்பி வேலை செய்யாத பிராணி, 30 டிகிரியில் மூச்சு வாங்குவாள், தீனியைக் குறைப்பாள், பால் குறையும். ஆக ஒரே கொட்டிலுக்குள் இரண்டு பருவநிலை வேண்டும். குட்டிக்குச் சித்திரை, தாய்க்குத் தை. அறை முழுவதையும் சூடாக்குவதும் தப்பு, அறை முழுவதற்கும் ஃபேன் போடுவதும் தப்பு. எல்லாருக்கும் ஃபேன் போட்டுவிட்டு, ஈரத்தரையில் காற்றோட்டம் நேராக அடிக்கும் இடத்தில் குட்டிகளைக் கிடத்தும் கொட்டில்களில்தான் கோடையிலும் குளிரால் குட்டிகள் சாகின்றன.

குட்டிக்குத் தனியாக ஒரு பெட்டி போதும். பத்துக் குட்டிக்கு 1.2 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம். மூன்று பக்கமும் மேலேயும் மூடிய பலகைப் பெட்டி, முன்னால் கிழித்துவிட்ட சாக்குத் திரை. உள்ளே காய்ந்த வைக்கோல் அல்லது மரத்தூள் ஒரு சாண் கனத்துக்கு. மூடியில் ஓட்டை போட்டு அகச்சிவப்பு பல்பு. 175 வாட் பல்பு என்றால் படுக்கையிலிருந்து அரை மீட்டர் உயரம். கம்பியிலோ சங்கிலியிலோ தொங்கட்டும், மின்வயரில் தொங்கவிடாதீர்கள். வைக்கோலும் பல்பும் சந்தித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் மூன்று நாள் குட்டி படுக்கும் மட்டத்தில் 32 முதல் 34 டிகிரி, பிறகு வாரத்துக்கு 2 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். மின்தடை உள்ள ஊரில் சாக்கில் சுற்றிய வெந்நீர் கேன்கள் கைவசம் இருக்கட்டும்.

வெப்பமானி இல்லாவிட்டாலும் குட்டிகள் படுத்திருக்கும் விதமே போதும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்திருந்தால் குளிர். பல்பைச் சுற்றி வளையமாக, நடுவில் இடம் விட்டுப் படுத்தால் சூடு அதிகம். ஒன்றையொன்று லேசாகத் தொட்டபடி, பக்கவாட்டில், காலை நீட்டிப் படுத்திருந்தால் சரி. பெட்டி தாயின் மடிப்பக்கம், அவள் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். குட்டிகள் முதல் நாள் அதைத் தானாகக் கண்டுபிடிக்காது. பால் குடித்து முடித்ததும் கையால் தூக்கி உள்ளே விட்டு ஒரு பலகையால் இருபது நிமிடம் அடையுங்கள். நாலைந்து முறை செய்தால் பழகிவிடும்.

சுவரோரம் தடுப்புக் கம்பி ஒன்று வேண்டும். தரையிலிருந்து 20 முதல் 25 சென்டிமீட்டர் உயரம், சுவரிலிருந்தும் அதே அளவு தள்ளி. தாய் சுவரில் சாய்ந்து சரியும்போது குட்டி நழுவ அந்த இடைவெளிதான் வழி. தாய்க்கோ கழுத்து, தோள்மேல் சொட்டுநீர். உடம்பு முழுதும் நனைக்காதீர்கள், தண்ணீர் மடிப்பக்கம் ஓடினால் குட்டிகள் நனையும். மூச்சு நிமிடத்துக்கு 40-ஐத் தாண்டும்போது திறந்துவிட்டால் போதும்.

இனி சீம்பால். இதை மட்டும் சரியாகப் பிடித்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

மனிதக் குழந்தை தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களை நஞ்சுக்கொடி வழியாக வாங்கிக்கொண்டே பிறக்கிறது. பன்றியின் நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தத்துக்கும் குட்டியின் ரத்தத்துக்கும் நடுவே ஆறு அடுக்குச் சுவர். பெரிய புரதம் எதுவும் கடக்காது. அதனால் குட்டி பிறக்கும்போது அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் என்று எதுவும் இல்லை. குடலின் சுவர் முதல் நாள் மட்டும் அந்தப் புரதங்களை முழுசாக உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கும். 24 முதல் 36 மணி நேரத்தில் அந்தக் கதவு அடைபடும். பிறகு எத்தனை லிட்டர் சீம்பால் ஊற்றினாலும் அது வெறும் சாப்பாடுதான்.

இந்தப் பக்கம் கதவு அடைபடும்போது அந்தப் பக்கம் சரக்கும் தீர்கிறது. சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் புரதத்தின் அடர்த்தி, முதல் குட்டி விழும்போது உச்சத்தில் இருக்கும். 12 மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதி. 24 மணியில் சாதாரணப் பாலை நெருங்கிவிடும். கடிகாரம் ஓடத் தொடங்குவது முதல் குட்டி பிறந்ததிலிருந்து, கடைசிக் குட்டி பிறந்ததிலிருந்து அல்ல. ஐந்து மணி நேரம் கழித்துப் பிறக்கும் பன்னிரண்டாவது குட்டி, அண்ணன்மார் பதினொரு பேர் நல்ல சரக்கைக் குடித்து முடித்த பந்திக்குத்தான் வந்து உட்காருகிறது.

எவ்வளவு வேண்டும்? பிரான்சில் குட்டிகளை எடைபோட்டுச் செய்த ஆய்வுகளில் தெளிவான எல்லை கிடைத்தது. முதல் நாளில் 200 கிராமுக்கு மேல் குடித்த குட்டிகளில் பால் மறக்கும் முன் செத்தவை சுமார் 7 விழுக்காடு. 200-க்குக் குறைவாகக் குடித்தவற்றில் 43 விழுக்காடு. பிழைப்பதோடு நன்றாக வளரவும் 250 கிராம் வேண்டும். தாய் ஒருநாளில் தரும் சீம்பால் சராசரி மூன்றரை கிலோ. சிலது ஒன்றரை கிலோ தரும், சிலது 6 கிலோ. மூன்றரை கிலோவை 250-ஆல் வகுத்தால் 14 குட்டிக்குச் சரியாக இருக்கும், சமமாகப் பங்கிட்டால். ஆனால் பன்றிக்குட்டிகள் சமமாகப் பங்கிடுவதில்லை. அதைவிட முக்கியம், குட்டி எண்ணிக்கை கூடினால் சாதாரணப் பால் ஓரளவு கூடும், சீம்பால் கூடாது. எட்டுக் குட்டிக்கும் அதே பானைதான், பதினாறுக்கும் அதே பானைதான்.

பங்கீட்டை நாம்தான் செய்ய வேண்டும். ஈற்றின்போது ஆள் இருந்தால், பிறந்து மடி கண்டுபிடித்து வயிறு உருண்ட முதல் ஐந்தாறு குட்டிகளின் முதுகில் அடையாள மையால் ஒரு கோடு. ஈற்று முடிந்ததும் கோடு போட்டவற்றைச் சூடான பெட்டியில் ஒன்றரை மணி நேரம் அடைத்துவையுங்கள், மீதிக் குட்டிகள் போட்டியில்லாமல் குடிக்கட்டும். பிறகு மாற்றுங்கள். முதல் 12 மணி நேரத்துக்குள் இரண்டு சுற்று. காசு செலவில்லை, ஆள்தான் தேவை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடைத்தால் பெரிய குட்டிகளும் பட்டினி. அதுவும் நடக்கிறது, அடைத்துவிட்டு டீ குடிக்கப் போய் மறந்துவிடுவார்கள்.

தானாகக் குடிக்க முடியாத குட்டிக்குக் கறந்து கொடுக்கலாம். ஈற்று நடந்துகொண்டிருக்கும்போது சீம்பால் தாராளமாக இறங்கும், காம்பைத் தொட்டாலே வரும். ஈற்று முடிந்து சில மணி நேரம் போனால் இப்படிக் கறக்க முடியாது. முன்வரிசைக் காம்புகளில், ஒரே காம்பை வடிக்காமல் மாற்றி மாற்றி, சுத்தமான டம்ளரில் 50 முதல் 100 மில்லி பிடியுங்கள். ஒரு வேளைக்கு 15 முதல் 20 மில்லி, சிரிஞ்சால் கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக, விழுங்கும் வேகத்தில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மூன்று நாலு தடவை. மிச்சத்தைக் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம், உறையவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். உறைந்ததை வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்குங்கள். அடுப்பில் ஏற்றினால் எதிர்ப்புப் புரதம் திரிந்து, சீம்பால் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

இதில் எல்லாரும் செய்யும் பிழை, விறைத்த குட்டிக்கு முதலில் பால் ஊற்றுவது. வாயில் விரல் விட்டால் ஜில்லென்று இருக்கும் குட்டிக்கு விழுங்கும் திறன் இருக்காது, பால் மூச்சுக்குழாயில் போகும். முதலில் சூடு. 40 டிகிரி வெந்நீர் வாளியில் கழுத்துவரை பத்து, பதினைந்து நிமிடம் பிடித்து, எடுத்ததும் துணியால் நன்றாகத் துடைத்துப் பல்பின் கீழ் வையுங்கள். விரலைச் சப்பத் தொடங்கிய பிறகு பால். சின்னக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் பிறந்தவுடனே துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் முதலில், பிறகு உடம்பு. தொப்புள்கொடியை இழுக்காமல், மூன்று விரற்கடை விட்டு நூலால் கட்டி, டிங்சர் அயோடினில் முக்குங்கள்.

ஒரு தாய்க்குக் குட்டி அதிகம், பக்கத்துத் தாய்க்குக் குறைவு என்றால் மாற்றி விடுவது பழைய பழக்கம். எப்போது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். சீம்பாலில் புரதம் மட்டுமில்லை, தாயின் வெள்ளை அணுக்களும் இருக்கின்றன. அவை பெற்ற தாயிடமிருந்து வந்தால் மட்டுமே குட்டியின் ரத்தத்துக்குள் போகின்றன, மாற்றாந்தாயின் அணுக்கள் போவதில்லை. அதனால் குறைந்தது 12 மணி நேரம் பெற்றவளிடம் இருக்கட்டும், 24 மணிக்குள் மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு குட்டிக்கும் இன்ன காம்பு என்று முடிவாகிவிடும், வந்தேறிக்கு அடிதான் கிடைக்கும். மாற்றுவதற்குச் சவலைக் குட்டியைத் தேர்ந்தெடுப்பது கருணை போலத் தெரியும். புது இடத்தில் சண்டை போட்டுக் காம்பு பிடிக்க வேண்டியது யார்? கொழுத்த குட்டியை அனுப்புங்கள், சவலை வீட்டிலேயே இருக்கட்டும்.

தாயின் பக்கம் வந்தால், ஈற்றுக்கு முன் பட்டினி போடும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "வயிறு காலியாக இருந்தால் சுலபமாகப் போடும்" என்று ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்துவார்கள். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் 2018-ல் வெளியான ஆய்வு இதை நேர்மாறாகக் காட்டியது. கடைசியாகச் சாப்பிட்ட 3 மணி நேரத்துக்குள் ஈற்று தொடங்கிய தாய்களுக்கு ஈற்று முடிய ஏறத்தாழ 4 மணி நேரம். 8 மணி நேரத்துக்கு மேல் பட்டினி கிடந்தவற்றுக்கு 9 மணி நேரத்தையும் தாண்டியது. கருப்பை என்பது தசை, பத்துப் பன்னிரண்டு குட்டிகளைத் தள்ள அதற்குச் சர்க்கரை வேண்டும். ஈற்று நீள நீளக் கடைசிக் குட்டிகளுக்குத் தொப்புள்கொடி நசுங்கி மூச்சு முட்டும். அப்படியே செத்துப் பிறக்கும், அல்லது அரைமயக்கத்தில் பிறந்து காம்பு தேடாமல் கிடந்து மறுநாள் "அமுங்கி" சாகும். எனவே சினையின் 112-ஆம் நாளிலிருந்து மொத்தத் தீனி இரண்டரை, மூன்று கிலோ, மூன்று வேளையாகப் பிரித்து. தவிடோ நறுக்கிய பசும்புல்லோ சேர்த்து மலச்சிக்கல் வராமல் பாருங்கள். இறுகிய மலம் ஈற்றுப்பாதையையே அடைக்கும். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

ஈற்றுக்கு முந்தைய நாள் ஒரு கை வைக்கோல் போட்டுப் பாருங்கள். காட்டுப்பன்றி புல்லும் சுள்ளியும் சேர்த்துக் கூடு கட்டும் அதே வேலையை, நூற்றாண்டுகளாகக் கொட்டிலில் வளர்ந்த வெண்பன்றி இனமான யார்க்‌ஷயரும் செய்யும். வாயில் கவ்வி, இழுத்து, முன்காலால் பறித்துக் குவிக்கும். கட்ட ஒன்றும் இல்லாத தாய் வெறும் கான்கிரீட்டைப் பறித்துக்கொண்டும் கம்பியைக் கடித்துக்கொண்டும் இருக்கும். அந்தப் படபடப்பு ஈற்றையும் இழுத்தடிக்கும். கூடு கட்டத் தொடங்கினால் ஒரு நாளுக்குள் ஈற்று. காம்பைப் பிதுக்கினால் பால் பீய்ச்சினால் இன்னும் அருகில், கிளம்பி எங்கும் போகாதீர்கள்.

ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் வழக்கமாக 15 முதல் 20 நிமிடம். 45 நிமிடம் தாண்டினால் நகம் வெட்டிய, சோப்புப் போட்டுக் கழுவிய, வழுவழுப்புத் தடவிய கையால் பார்க்க வேண்டும். அதற்கு முன், கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் ஊசியைக் கையில் எடுக்காதீர்கள். குறுக்கே ஒரு குட்டி மாட்டியிருக்கும்போது ஊசி போட்டால் கருப்பை இறுகி உள்ளே இருக்கும் எல்லாக் குட்டிகளின் கொடியும் நசுங்கும். சீக்கிரம் முடியட்டும் என்று போடும் ஊசியால் செத்துப் பிறப்பவை கூடுகின்றன என்பது பல நாடுகளில் பார்த்தாகிவிட்டது. நம்மூரில் இந்த மருந்தைக் கடையில் கேட்டு வாங்கும் சுலபம்தான் அதன் பெரிய ஆபத்து.

பால் கொடுக்கும் தாய்க்குத் தீனிக் கணக்கு எளிது. தன் உடம்புக்கு 2 கிலோ, குட்டி ஒன்றுக்கு அரை கிலோ. பத்துக் குட்டி என்றால் 7 கிலோ. ஒரு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். உணவகக் கழிவை மட்டும் நம்பும் பண்ணைகளில் இங்கேதான் இடிக்கும். கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 7 கிலோ தீனியில் உள்ள உலர்பொருளைக் கழிவில் கொடுக்க 25 முதல் 30 கிலோ வேண்டும், எந்தத் தாயும் அதைத் தின்று முடிக்காது. தன் முதுகுக் கொழுப்பைக் கரைத்துப் பால் கொடுப்பாள், குட்டி பிரித்த பிறகு பருவத்துக்கு வராமல் இரண்டு மாதம் நிற்பாள். ஈற்றுக்குப் பிந்தைய ஒரு மாதமாவது அடர்தீனி போடுங்கள். கழிவு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 90 டிகிரியில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே வேகவைத்துக் கொடுங்கள், பன்றிக்காய்ச்சல் வைரஸ் இறைச்சித் துணுக்கில் நெடுநாள் உயிரோடிருக்கும். கோடையில் தீனி வைக்கும் நேரம் விடியற்காலை 4 மணி, இரவு 9 மணி. மத்தியானம் வைத்தால் ஈதான் தின்னும்.

இனப்பெருக்கத் தேர்விலும் இந்த முதல் சில நாள் கணக்கு புகுந்த கதை சுவாரசியமானது. டென்மார்க்கில் 1990-களின் தொடக்கத்தில் ஈற்றுக்கு அதிகக் குட்டி என்பதைத் தேர்வுக் குறியாக வைத்தார்கள். குட்டி கூடியது, சாவும் கூடியது. கருப்பை ஒன்றுதான், பங்கு கூடக்கூட எடை குறையும். பிரெஞ்சுக் கணக்கொன்றில் 11 குட்டி வரை உள்ள ஈற்றில் சராசரிப் பிறப்பு எடை 1.59 கிலோ, 16-க்கு மேல் போனால் 1.26 கிலோ. 2004-ல் டேனிஷ்காரர்கள் குறியை மாற்றினார்கள். பிறந்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஐந்தாம் நாள் உயிரோடிருக்கும் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு நல்ல திருத்தம். ஆனாலும் 14 காம்புள்ள தாய்க்கு 18 குட்டி என்ற நிலையிலிருந்து அவர்கள் இன்னும் வெளியே வரவில்லை, வளர்ப்புத் தாய்களை வைத்துச் சமாளிக்கிறார்கள். அந்த மாதிரியை இங்கே இறக்குமதி செய்யத் துடிப்பவர்கள், அங்கே இரவு முழுக்க ஈற்றறையில் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார் என்பதையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்.

இதற்கு மறுபக்கம் சீனாவின் மெய்ஷான். பிரான்ஸ் 1979-லும் அமெரிக்கா 1989-லும் இந்த இனத்தை வரவழைத்து ஆராய்ந்தன. சுருங்கிய முகம், தொங்கும் காது, மூன்று மாதத்திலேயே பருவம், ஈற்றுக்கு நிறையக் குட்டி. குட்டிகள் யார்க்‌ஷயர் குட்டியைவிடச் சின்னவை, ஆனால் சாவு குறைவு. காரணம் நஞ்சுக்கொடியில் இருந்தது. யார்க்‌ஷயர் கரு வளர வளர அதன் நஞ்சுக்கொடியும் பரப்பில் பெருத்து, பக்கத்துக் கருவின் இடத்தை ஆக்கிரமிக்கும். மெய்ஷான் நஞ்சுக்கொடி கடைசி மாதத்தில் பெருப்பதில்லை, உள்ளே ரத்தநாளங்களை நெருக்கமாக்கிக்கொள்கிறது. சிறிய வீடு, நல்ல சமையலறை. குட்டியும் பிறக்கும்போது உடல் முதிர்ச்சியோடு பிறக்கிறது. ஆகவே எடை மட்டும் பார்த்துக் குட்டியின் தலையெழுத்தைச் சொல்ல முடியாது. இனங்களுக்கிடையே இந்தக் கணக்கு வேறுபடும். நம் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் யார்க்‌ஷயர் 75, நாட்டுப்பன்றி 25 விழுக்காடு என்று கலந்து உருவாக்கிய கேபிஎம் கோல்டு போன்ற கலப்பினத்தை, சின்னப் பண்ணைக்காரர்கள் குட்டி எண்ணிக்கையை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது என்பது என் கருத்து. பிரிக்கும் நாளில் எத்தனை கிலோ குட்டி கையில் நிற்கிறது என்று கேளுங்கள்.

தாய் வாங்கும்போது காம்பை எண்ணுங்கள். பக்கத்துக்கு ஏழு, உள்வாங்கிய காம்பு, குருட்டுக் காம்பு எதுவும் இல்லாமல். இதைவிட மலிவான மரபணுச் சோதனை இல்லை.

மூன்றாம் நாள் இரும்பு ஊசி. குட்டி பிறக்கும்போது உடம்பில் இருக்கும் இரும்பு சுமார் 50 மில்லிகிராம். வளரும் வேகத்துக்கு நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் வேண்டும், பாலில் கிடைப்பது 1. மீதி 6 கையிருப்பிலிருந்து போனால் எட்டு, ஒன்பது நாளில் கஜானா காலி. மண்ணில் திரியும் குட்டி மண்ணைத் தின்றே இதைச் சரிக்கட்டிவிடும். சிமென்ட் தரை வந்தபோதுதான் இது நோயாகத் தெரிந்தது. 1923-24-ல் ஸ்காட்லாந்தில் மெக்கோவனும் கிரைட்டனும் கொட்டில் குட்டிகளின் வெளிறிய நோய் இரும்புக்குறைதான் என்று காட்டினார்கள். தாய்க்கு இரும்பு கொடுத்தால் பாலில் ஏறுமா என்றால், ஏறாது. நேராகக் குட்டிக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அளவு 200 மில்லிகிராம் இரும்பு டெக்ஸ்ட்ரான். மில்லியில் சொல்லாமல் மில்லிகிராமில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடையில் மில்லிக்கு 50, 100, 200 என்று வெவ்வேறு அடர்த்தியில் கிடைக்கிறது. 100 என்றால் 2 மில்லி. 50 என்றால் 4 மில்லி, அதைக் கழுத்தின் இரண்டு பக்கமும் பிரித்துப் போட வேண்டும். லேபிளைப் படிக்காமல் "ரெண்டு மில்லி போடு" என்றால், 50 அடர்த்தியில் பாதி மருந்துதான் போயிருக்கும். இடம், காதுக்குப் பின்னால் கழுத்துத் தசை. தொடையில் போட்டால் இறைச்சியில் கறை நிற்கும், நரம்பில் பட்டால் கால் இழுக்கும். தோலை ஒரு விரலால் பக்கவாட்டில் நகர்த்திப் பிடித்து, அரை அங்குல ஊசியைச் செங்குத்தாகக் குத்தி, மெதுவாக அழுத்தி, எடுத்ததும் தோலை விடுங்கள். துளை மேல் தோல் வந்து மூடும். இப்படிச் செய்யாத கொட்டிலில் குட்டிகளின் கழுத்தெல்லாம் பழுப்பு வழிசல், மருந்தில் பாதி தோலுக்கு வெளியே. ஊசி ஈற்றுக்கு ஒன்று புதிதாக. பிறந்த முதல் நாளே போட்டுவிடும் அவசரம் வேண்டாம், தசை சின்னது, வழிசல் அதிகம், குட்டி சீம்பால் குடிக்க வேண்டிய நேரம்.

ஊசி போட்ட சில மணி நேரத்தில் குட்டிகள் அடுத்தடுத்துச் சுருண்டு செத்தால் மருந்து கெட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன், தாயின் தீனியில் வைட்டமின் ஈ, செலினியம் இருந்ததா என்று பாருங்கள். அவை குறைந்த தாயின் குட்டிகளுக்கு வழக்கமான இரும்பு அளவே நஞ்சு. தாதுக்கலவை சேர்க்காமல், சிக்கு வாடை அடிக்கும் பழைய தவிட்டில் ஓடும் கொட்டிலில் இது வரும். அப்படிச் சந்தேகம் இருந்தால் ஒரு ஈற்றில் இரண்டு குட்டிக்கு மட்டும் போட்டு, ஒரு நாள் பொறுத்து மற்றவற்றுக்குப் போடுங்கள்.

நாலு வாரம் கழித்துப் பிரிப்பதானால் பிரிக்கும் வாரத்தில் சில குட்டிகளின் ஹீமோகுளோபினைப் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 11 கிராம் இருந்தால் நல்லது, 9-க்குக் கீழே ரத்தசோகை. வேகமாக வளர்ந்த கொழுகொழு குட்டிகளில்தான் இது குறைவாக இருக்கும், அவைதான் இரும்பைச் சீக்கிரம் தீர்த்தவை.

இரும்பு போட்டு, பாலும் சூடும் சரியாக இருந்து, ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள் குட்டிகள் மஞ்சள் களிம்பு மாதிரிக் கழியத் தொடங்கினால், எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அது அடங்காவிட்டால், அது கோழிகளின் ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியின் உறவுக்காரக் காக்சிடியா. அடுத்த ஈற்றில் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் டோல்ட்ராசுரில் என்ற மருந்து, கிலோவுக்கு 20 மில்லிகிராம், வாய்வழி, ஒரே தடவை. சாதாரணக் கிருமிநாசினி அதன் முட்டையைத் தொடாது. கொதிநீரும் வெயிலில் ஒரு வாரம் காய்ந்த தரையும் தொடும்.